பிறர் உயிர் காக்க ஆயுதம் எடுக்கலாமா?

தந்தையைச் சுட்ட மகன்

1884 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. எதிரிக் கூண்டில் நின்றவன் இருபத்திரண்டு வயது நிரம்பிய இளைஞன். உடல் வலிமை குன்றியவன். கொலையுண்டவரோ அவனைப் பெற்ற தந்தை. அவர் திடகாத்திரமான தேகமுடையவர். மதுவுக்கு அடிமைப்பட்டு, மனைவியின் ஒழுக்கத்தில் ஐயங்கொண்டு, அவளைக் கொன்றுவிடப் போவதாகப் பயமுறுத்தி வந்தவர்.

ஓர் இரவு, வீட்டிற் சச்சரவு மூண்டது. தந்தை தாயை மாடிப்படியின் கைப்பிடிக் கம்பிகளோடு சேர்த்து நெருக்கினார். "கொலை!" என்று தாய் அலறினாள். அலறல் கேட்டு வந்த மகனின் கண்களுக்கு, தந்தை தாயின் கழுத்தை அறுப்பது போலவே தோன்றிற்று. துப்பாக்கியை எடுத்து இருமுறை சுட்டான். முதற் குண்டு அச்சுறுத்துவதற்காகச் சுடப்பட்டது என்றார்கள். அதன் தடயம் எதுவும் அகப்படவில்லை. மற்றக் குண்டு தந்தையின் கண்ணிற் பாய்ந்தது. சில மணி நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. தாயின் கழுத்து அறுபடவில்லை.

இம்மகன் கொலைகாரனா? தாயைக் காத்த தனயனா? யூரிமார் என்ன சொன்னார்கள் என்பதைப் பின்னர் கூறுவோம். அதற்கு முன்னர், இக்கதையுள் மறைந்து கிடக்கும் கேள்வியைச் சற்று விரித்துப் பார்ப்பது நலம். பொலிசாரும் இராணுவத்தினரும் அல்லாத சாதாரணப் பிரசை ஒருவர், தம் கையிலுள்ள ஆயுதத்தால், பிறிதொருவரைக் காப்பதற்காக, மூன்றாம் ஒருவரின் உயிரைப் போக்கலாமா? போக்கினால், சட்டம் அவரை மன்னிக்குமா?

சட்டம் தரும் உரிமை

"தன்னைக் காத்துக்கொள்ளத்தானே சட்டம் இடந்தருகிறது? பிறர் சண்டையில் தலையிட நமக்கு என்ன உரிமை?" என்று கேட்போர் பலர். அவர்கள் எண்ணம் பிழையானது. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு இன்றும் நடைமுறையில் இருப்பது. அதன் 89 ஆம் பிரிவிலிருந்து 99 ஆம் பிரிவுவரை தற்காப்புரிமையைப் பற்றியே பேசுகின்றன. 90 ஆம் பிரிவு, ஒவ்வொருவருக்கும் தம் உடலைக் காக்கும் உரிமையோடு, வேறெவருடைய உடலையும் காக்கும் உரிமையையும் ஒரே வாக்கியத்திற் சேர்த்து வழங்குகிறது. காக்கப்படுபவர் தாயாகவோ, தாரமாகவோ, உறவினராகவோ இருக்க வேண்டுமென்ற நிபந்தனை இல்லை. முன்பின் அறியாத வழிப்போக்கராகவும் இருக்கலாம்.

எனினும், காக்கும் உரிமை வேறு. கொல்லும் உரிமை வேறு. எப்போது அவ்வுரிமை எதிரியின் மரணம் வரை நீளும் என்பதை 93 ஆம் பிரிவு எண்ணிச் சொல்கிறது. தாக்குதலானது மரணம் நேருமென்ற நியாயமான அச்சத்தைத் தரவேண்டும். அல்லது கடுங்காயம் நேருமென்ற அச்சத்தைத் தரவேண்டும். அல்லது பெண்ணைக் கற்பழிக்கும் நோக்குடையதாகவோ, இயற்கைக்கு மாறான இச்சையைத் தீர்க்கும் நோக்குடையதாகவோ இருக்கவேண்டும். அல்லது ஆளைக் கடத்திச் செல்லும் நோக்குடையதாக இருக்கவேண்டும். அல்லது அதிகாரிகளின் உதவியை நாட முடியாத வகையில் ஒருவரை அடைத்து வைக்கும் நோக்குடையதாக இருக்கவேண்டும். இவற்றுள் எதிலும் அடங்காத தாக்குதலுக்கு மரணம் விடையாகாது. கன்னத்தில் அறைந்தவனைச் சுட்டுவிட்டு, "அடிபட்டவரைக் காத்தேன்" என்று கூற முடியாது.

இவ்விதிகள் நம் நாட்டிற் புதிதாகப் பிறந்தவை அல்ல. மக்காலே பிரபுவின் தலைமையில் 1837 இல் வரையப்பட்டு, 1860 இல் இந்தியாவிற் சட்டமாகிய கோவையே நம்முடையதற்கு முன்மாதிரி. அந்த இந்தியக் கோவை 2024 ஆம் ஆண்டு யூலை முதலாம் திகதியோடு விடைபெற்றுப் புதிய சட்டத்துக்கு இடங்கொடுத்தது. ஆனால், தற்காப்புரிமை பற்றிய விதிகள் அங்கும் பெரும்பாலும் பழைய உருவிலேயே தொடர்கின்றன. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இத்தனை நாடுகளில் நிலைத்திருக்கும் விதிகளுக்கு ஆழ்ந்த காரணம் ஒன்று இருத்தல் வேண்டுமன்றோ?

மூன்று வேலிகள்

அக்காரணத்தை அறிய, உரிமையைச் சுற்றிச் சட்டம் நட்டிருக்கும் வேலிகளைப் பார்க்கவேண்டும்.

முதலாவது வேலி, நேரம். ஆபத்துப் பற்றிய நியாயமான அச்சம் எழும்போதே உரிமையும் பிறக்கிறது. கத்தி உடலில் இறங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அவ்வாறே, அச்சம் நீங்கியதும் உரிமையும் இறந்துவிடுகிறது. கத்தியை எறிந்துவிட்டு ஓடுபவனின் முதுகிற் பாயும் குண்டு, காக்கும் குண்டு அன்று, பழிவாங்கும் குண்டு. ஒரே துப்பாக்கியால், ஒரே மனிதன், ஒரே நிமிடத்துள் சுட்ட இரு வேட்டுகளில் முதலாவது சட்டத்துக்கு உடன்பாடாகவும், இரண்டாவது குற்றமாகவும் அமையக்கூடும்.

இரண்டாவது வேலி, தேவை. அரசாங்க அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருக்குமாயின், தற்காப்புரிமை இல்லை என்கிறது 92 ஆம் பிரிவு. நாளைக்கு வந்து கொல்வேன் என்று ஒருவன் சொன்னானென்றால், இன்றைக்குப் பொலிஸ் நிலையத்துக்குப் போக நேரம் உண்டு. வாசலில் வாளோடு நிற்பவனிடம் அந்த அவகாசம் கிடையாது.

மூன்றாவது வேலி, அளவு. பாதுகாப்புக்கு எவ்வளவு தீங்கு அவசியமோ அவ்வளவே செய்யலாம். ஓங்கிச் சத்தமிட்டால் ஓடிவிடக்கூடியவனை அடிக்கவும், அடித்தால் விழக்கூடியவனைச் சுடவும் சட்டம் இடங்கொடாது. ஆயினும், உயிர் போகும் தறுவாயில் நிற்பவர் தராசு கொண்டு நிறுத்துப் பார்த்து அடிக்க முடியாது என்பதையும் நீதிமன்றங்கள் உணர்ந்தே இருக்கின்றன.

இம்மூன்று வேலிகளையும் சேர்த்துப் பார்க்கும்போது உண்மை புலனாகிறது. தண்டிக்கும் அதிகாரத்தைச் சட்டம் எந்தப் பிரசைக்கும் கொடுக்கவில்லை. அரசின் கை வந்து சேர முடியாத அந்தச் சில கணங்களுக்கு மாத்திரம், காக்கும் கடமையின் ஒரு துளியை அவருக்கு இரவல் தருகிறது. ஆபத்து நீங்கியதும் அந்த இரவலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பாதிக் கதையைக் கண்டவர்

தன்னைக் காத்துக்கொள்பவருக்கும் பிறரைக் காப்பவருக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. தாக்கப்படுபவருக்குத் தம் கதை தொடக்கத்திலிருந்தே தெரியும். காக்க வருபவரோ நாடகத்தின் நடுவில் நுழைபவர். யார் முதலில் அடித்தவர், யார் கள்வர், யார் காவலர் என்பது அவருக்குத் தெரியாது.

1958 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத் தெருவொன்றில் இது நிகழ்ந்தது. பதினெட்டு வயது இளைஞன் ஒருவனை இருவர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தனர். அவன் திமிறினான். அவ்வழியே வந்த நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், அப்பாவி ஒருவனை இருவர் சேர்ந்து அடிக்கிறார்கள் என்று எண்ணிப் பாய்ந்து தடுத்தார். கைகலப்பில் அவ்விருவருள் ஒருவரின் காலிற் காயம் ஏற்பட்டது. பின்னரே உண்மை தெரிந்தது. அவர்கள் இருவரும் சாதாரண உடையில் இருந்த துப்பறியும் பொலிஸார். இளைஞனைச் சட்டப்படி கைது செய்துகொண்டிருந்தவர்கள்.

யங் வழக்கு எனப்படும் இவ்வழக்கில், உதவிக்கு வந்தவர் நல்லெண்ணத்தோடுதான் வந்தார் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால், 1962 இல் அம்மாநிலத்தின் அதியுயர் மேன்முறையீட்டு மன்றம் அவருக்கு எதிரான தீர்ப்பையே நிலைநிறுத்தியது. "நீர் யாருக்காக வந்தீரோ, அவருக்கு என்ன உரிமை இருந்ததோ அதுவே உமக்கும் உண்டு. சட்டப்படி கைதாகும் இளைஞனுக்கு எதிர்க்கும் உரிமை இல்லை. ஆகவே உமக்கும் இல்லை." இதுவே அத்தீர்ப்பின் சாரம். காக்க வருபவர் பிறரின் காலணிக்குள் தம் காலை நுழைக்கிறார். அதில் முள் இருந்தால் குத்துவது அவர் காலைத்தான்.

இது கொடுமை என்று அக்காலத்திலேயே பலர் குரலெழுப்பினர். உதவிக்கு ஓடிவரும் மனிதரை இவ்வாறு தண்டித்தால், நாளை தெருவில் எவரும் எவருக்கும் கைகொடுக்க மாட்டார் என்பது அவர்கள் வாதம். அதே 1962 இல் அமெரிக்கச் சட்ட நிறுவனம் வெளியிட்ட மாதிரித் தண்டனைச் சட்டக்கோவை, காக்க வருபவரின் நம்பிக்கைக்கு மதிப்பளித்தது. நியூயோர்க் மாநிலமும் 1965 இல் இயற்றி 1967 இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய சட்டத்தில் அவ்வழியே சென்றது. நியாயமான ஒரு மனிதர் அந்தக் காட்சியைக் கண்டு என்ன நம்பியிருப்பார் என்பதே இன்று அங்கே அளவுகோல்.

நம் சட்டக்கோவையும் இதை எண்ணாமல் விடவில்லை. அரசாங்க ஊழியர் ஒருவர் தம் பதவியின் பெயரால் நல்லெண்ணத்தோடு செய்யும் செயலை எதிர்க்கத் தற்காப்புரிமை இல்லை என்பது பொதுவிதி. ஆயினும், அவர் அரசாங்க ஊழியர் என்று ஒருவர் அறியாமலும், அப்படி நம்புவதற்குக் காரணம் இல்லாமலும் இருந்தால், அவருடைய உரிமை பறிபோவதில்லை என்று 92 ஆம் பிரிவின் விளக்கம் கூறுகிறது.

துப்பாக்கி ஏந்திய இருவர்

இனி, ஆயுதம் தாங்கிய பிரசைகள் மலிந்த நாடான ஐக்கிய அமெரிக்காவில் அண்மையில் நிகழ்ந்த இரு சம்பவங்களை நோக்குவோம். இலங்கையிலே, 1916 ஆம் ஆண்டின் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டத்தின்படி, துப்பாக்கி வைத்திருப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களிலோ, சாதாரண மக்கள் இடுப்பிற் கைத்துப்பாக்கியோடு கடைத்தெருவுக்குப் போவது சட்டத்துக்கு மாறானதன்று.

2022 யூலை 17 ஆம் திகதி, இந்தியானா மாநிலத்தின் கிரீன்வூட் என்ற ஊரிலுள்ள பேரங்காடியில், உணவுக்கூடத்தில் இருந்தவர்களை ஒருவன் சுடத் தொடங்கினான். மூவர் மாண்டனர். அங்கே வந்திருந்த இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் தம் கைத்துப்பாக்கியை எடுத்து, தூரத்தே நின்றபடி கொலைஞனைச் சுட்டு வீழ்த்தினார். எல்லாம் ஏறக்குறையப் பதினைந்து வினாடிகளுள் முடிந்தன. ஆபத்து அப்போதே நிகழ்ந்துகொண்டிருந்தது. பொலிசார் வந்துசேர நேரமில்லை. சிறிய உபாயம் எதுவும் பயன்படாது. மூன்று வேலிகளுக்குள்ளும் அச்செயல் அடங்கிற்று. ஊரார் அவரைப் போற்றினர். அவர்மீது வழக்கு எழவில்லை.

அதற்கு ஓராண்டு முன்னர், 2021 யூன் 21 ஆம் திகதி, கொலராடோ மாநிலத்தின் ஆர்வாடா நகரில் நடந்ததோ நெஞ்சை உருக்குவது. பொலிஸார் மீது பகைகொண்ட ஒருவன், பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரைச் சுட்டுக் கொன்றான். அயலிலிருந்த கடையிலிருந்து வெளியே வந்த ஒருவர், தம் கைத்துப்பாக்கியால் அக்கொலைஞனைச் சுட்டு வீழ்த்தினார். அதனால் இன்னும் எத்தனை உயிர்கள் தப்பினவோ! பின்னர், வீழ்ந்தவனின் நீண்ட துப்பாக்கியைக் கையில் எடுத்தார். அந்தக் கணத்தில் அங்கே வந்த மற்றொரு பொலிஸ் உத்தியோகத்தர் கண்டது என்ன? சற்று முன் வேட்டுச் சத்தம் கேட்ட இடத்தில், துப்பாக்கியோடு நிற்கும் ஒரு மனிதர். அவரே கொலைஞன் என்று எண்ணிச் சுட்டார். காத்தவர் மாண்டார்.

நகரப் பொலிஸ் தலைவரே மாண்டவரை வீரர் என்று புகழ்ந்தார். சுட்ட உத்தியோகத்தர்மீது வழக்குத் தொடரப்படவும் இல்லை. அவர் நம்பியது நியாயமான நம்பிக்கையே என்று அதே ஆண்டு நவெம்பரில் வழக்குத் தொடரும் அதிகாரி முடிவு செய்தார். குற்றவாளி ஒருவன்; குற்றமற்ற இருவர். அவ்விருவருள் ஒருவர் மற்றவரின் குண்டுக்கு இரையானார்.

பழைய இந்தியக் கோவையைப் புரட்டினால், இத்தகைய துயரத்தை அதை வரைந்தோர் அன்றே எண்ணியிருந்தனர் என்பது தெரியவரும். தமக்கு உரிமையுள்ள வீட்டுக்குள் இரவில் ஒருவர் நுழைகிறார். உள்ளே இருப்பவர் அவரைக் கள்வன் என்று நல்லெண்ணத்தோடு தவறாகக் கருதித் தாக்குகிறார். தாக்குபவர் குற்றவாளி அல்லர். ஆயினும், தாக்கப்படுபவருக்கும் தம்மைக் காக்கும் உரிமை குறைவின்றி உண்டு. இவ்வாறு ஓர் உதாரணம் அக்கோவையில் இருந்தது. சட்டம் இருவரையும் மன்னிக்கலாம். இறந்தவரை எழுப்பச் சட்டத்தால் ஆகுமா?

துரத்திச் சென்றவர்கள்

இவற்றுக்கு நேர்மாறான சம்பவம் ஒன்றையும் கூறவேண்டும். 2020 பெப்ரவரி 23 ஆம் திகதி, ஜோர்ஜியா மாநிலத்தில் இருபத்தைந்து வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். அவர் கையில் ஆயுதம் இல்லை. அயலிலே நடந்த திருட்டுகளுக்கு அவரே காரணமென்று சந்தேகித்து, வெள்ளையர் மூவர் வாகனங்களில் அவரைத் துரத்தி மறித்தனர். ஒருவர் சுட்டுக் கொன்றார். "பிரசைகளுக்கும் கைது செய்ய உரிமை உண்டு, பின்னர் எங்களைக் காத்துக்கொள்ளவே சுட்டோம்" என்பது அவர்கள் வாதம். 1863 இல் எழுந்த பழைய சட்டமொன்று அவர்களுக்குத் துணை என்றார்கள்.

2021 நவெம்பரில் மூவரும் கொலைக் குற்றவாளிகளாகக் காணப்பட்டு, பின்னர் ஆயுட்கால மறியல் பெற்றனர். அப்பழைய சட்டத்தை அம்மாநிலம் 2021 மே மாதத்திலேயே நீக்கிவிட்டது. எந்த உயிருக்கும் அங்கே ஆபத்து இருக்கவில்லை. ஆபத்தை உண்டாக்கியவர்களே துரத்தியவர்கள். காவலன் வேடம் பூண்ட வேட்டைக்காரனுக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதற்கு இதனினும் தெளிந்த பாடம் வேண்டியதில்லை.

நீதிமன்றத்தின் முன்

பிறரைக் காத்தவர் நம் நாட்டு நீதிமன்றத்தின் முன் வந்து நின்றால், நிலைமை யாது? 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105 ஆம் பிரிவின்படி, தம் செயல் விதிவிலக்குள் அடங்கும் என்று நிரூபிக்கும் பாரம் எதிரியையே சாரும். 1942 இல் சந்திரசேகரா வழக்கில் நம் குற்றவியல் மேன்முறையீட்டு மன்றம் இதனைத் தெளிவுபடுத்தியது. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. அப்படி நடந்திருப்பதே கூடுதலாகப் பொருந்துகிறது என்ற அளவுக்கு நிரூபித்தால் போதும். ஆனால், வெறும் சந்தேகத்தைக் கிளப்பிவிடுவது போதாது. இங்கிலாந்திலோ, தற்காப்பு அன்று என்று காட்டும் பாரம் வழக்குத் தொடுநரைச் சேர்ந்தது. இவ்வேற்றுமையைச் சட்டம் பயிலும் மாணவர் மனத்திற் கொள்ளல் நன்று.

நல்லெண்ணத்தோடு காக்கப் புகுந்து, அளவை மீறிவிட்டவருக்குச் சட்டம் கதவை முற்றாக அடைத்துவிடவில்லை. பழிவாங்கும் எண்ணமின்றியும், தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்யும் நோக்கமின்றியும் உரிமையின் எல்லையைக் கடந்து உயிர் போக்கியவரின் செயல், 294 ஆம் பிரிவின் விதிவிலக்கொன்றின்படி, கொலை என்ற நிலையிலிருந்து இறங்கிச் சிறிய குற்றமாகிறது. தண்டனை உண்டு, ஆனால் கொலைக்குரிய தண்டனை அன்று.

இன்னொன்றும் உண்டு. சட்டம் காக்க அனுமதிக்கிறதேயன்றி, ஆயுதம் எடுத்தே தீரவேண்டும் என்று அயலாருக்குக் கட்டளையிடவில்லை. கூக்குரலிட்டு ஊரைக் கூட்டுவதும், பொலிசாரை அழைப்பதும், குழந்தைகளை அப்புறப்படுத்துவதும், கண்டதைப் பின்னர் நீதிமன்றில் அஞ்சாது சொல்வதும் காத்தலின் வகைகளே.

யூரிமாரின் விடை

தாயைக் காக்கத் தந்தையைச் சுட்ட மகனிடம் இனித் திரும்புவோம். நீதிபதி லோப்ஸ் யூரிமாருக்குக் கூறிய அறிவுரையின் சாரம் இது: தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து நேர்ந்துள்ளது என்று இம்மகன் உண்மையாகவே நம்பினானா? அப்படி நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்ததா? அவள் உயிரைக் காக்க அந்த வேட்டு அவசியமாயிருந்ததா? இவற்றுக்கு "ஆம்" என்பது விடையானால், அவன் குற்றவாளி அல்லன்.

தாயின் கழுத்தில் வெட்டு விழுந்ததா என்று அவர் கேட்கவில்லை. அந்த இரவில், அந்த மாடிப்படியில், அலறல் கேட்ட மகனின் கண்களுக்கு என்ன தெரிந்தது என்பதையே கேட்டார். யூரிமார் "குற்றவாளி அல்லன்" என்று தீர்ப்பளித்தனர்.

அவன் விடுதலை பெற்று வீடு திரும்பினான். தாய் உயிரோடிருந்தாள், தந்தை இல்லை. சட்டம் அவன்மீதிருந்த பழியைத் துடைத்தது. அந்த வேட்டொலியை அவன் நெஞ்சிலிருந்து துடைக்கும் வல்லமை எந்த நீதிமன்றத்துக்கும் இருந்திராது. பிறரைக் காக்க உயிர் போக்கும் உரிமையைச் சட்டம் ஏன் இத்தனை வேலிகளுக்குள் வைத்துத் தருகிறது என்பதற்கு, அவ்வீட்டின் வெறுமையே போதிய விடை. வேறு வழி ஒன்றுகூட இல்லாத கணத்தில் அவ்வுரிமை நமக்குத் துணை நிற்கிறது. வேறு வழி ஒன்றேனும் இருக்கும்போது, அந்த வழியைத் தேடுவதே காப்பவரின் முதற் கடமை என்று நாம் கருதுகிறோம்.